டெஸ்டில் 16 வந்திருக்கிறது, ஆன்லைனில் மருத்துவரைப் பார்க்கலாமா?

கேள்வி இதுதான்: வயது 34, கரூர் பக்கம், ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் கணக்கு வேலை, ஒரு பையன், மாமியாரோடு கூட்டுக் குடும்பம். நான்கு மாதமாக எதிலும் மனசு ஒட்டவில்லை, விடிகாலை மூன்று நான்கு மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது, ஆபீஸில் எல்லோரோடும் சிரித்துப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். ஊரில் இருக்கிற மனநல மருத்துவரின் கிளினிக், மாமியார் சுகர் மாத்திரை வாங்கும் மெடிக்கலுக்கு நேர் எதிரில். ஒரு ஆப்பில் டெஸ்ட் எடுத்தேன், 16 என்று வந்தது. ஆன்லைனில் பார்த்தால் சரியாகுமா, மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாதாமே, அக்கா?

அக்கா என்று கூப்பிட்டுவிட்டீர்கள், அந்த உரிமையில் நேராகவே சொல்கிறேன். பார்க்கலாம். நான் மருத்துவர் இல்லை, மனநல சமூகப் பணியாளராகப் பதினோரு வருடம் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தவள், அதில் கடைசி நான்கு வருடம் பாதி வேலை போனிலும் வீடியோவிலும்தான் ஓடியது. அதனால் இரண்டு பக்கமும் தெரியும். ஆனால் மற்றதைப் பேசுவதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும்.

அந்த டெஸ்டில் கடைசிக் கேள்விக்கு என்ன பதில் போட்டீர்கள்? நீங்கள் எடுத்தது மனச்சோர்வை (டிப்ரஷன்) அளக்கும் பி.எச்.கியூ-9 என்று நினைக்கிறேன், 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது. அதில் 0 போட்டும் 16 வரலாம், 3 போட்டும் 16 வரலாம், இரண்டும் ஒன்றில்லை. 0 என்றால் நிதானமாக மேலே படியுங்கள். அதற்கு மேல் என்றால், எந்த மருத்துவரிடம் பேசினாலும் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள், கடைசியில் "அப்புறம் இன்னொன்னு டாக்டர்" என்று இழுக்காமல். எப்படி, எப்போது என்கிற அளவுக்கு யோசனை போயிருந்தால் ஆன்லைன் வேண்டாம், அப்பாயின்ட்மென்ட்டும் வேண்டாம். இன்றைக்கே கூட ஒருவரை வைத்துக்கொண்டு அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். வீட்டிலிருக்கிற மாத்திரை, பூச்சிமருந்து எல்லாம் வேறொருவர் கைக்குப் போகட்டும். பேச ஒரு குரல் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் இருக்கிறது. இல்லையென்றால் சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்கும் சிநேகா, 044-24640050. இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது, அந்தப் பயம் பலருக்கு இருக்கிறது, வேண்டாம்.

இப்போது அந்த 16. இந்த அளவுகோலில் 10ஐத் தாண்டினால் ஒருவரைப் பார்த்துவிடுவது நல்லது, 15 முதல் 19 வரை ஓரளவு கடுமையானது, 20க்கு மேல் கடுமையானது. ஆனால் அது சளி பிடித்தவருக்குத் தெர்மாமீட்டர் வைத்த மாதிரிதான். சூடு இருக்கிறது என்று சொல்லும், டைபாய்டா மலேரியாவா என்று சொல்லாது. தைராய்டு குறைந்திருந்தாலும் இரத்தசோகை இருந்தாலும் அசதி, தூக்கம், பசி, கவனம் என்று நான்கைந்து கேள்விக்குப் புள்ளி ஏறிவிடும். உங்கள் வயதில் பெண்களுக்கு இரண்டுமே சகஜம். எனவே தைராய்டு, ஹீமோகுளோபின், முடிந்தால் பி12, இந்த மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் பேசுங்கள். லேபுக்குப் போவதை மாமியார் சந்தேகப்பட மாட்டார், அதுவும் ஒரு வசதி.

தமிழில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. "மன அழுத்தம்" என்ற ஒரே சொல்லை வேலை டென்ஷனுக்கும் இந்த நோய்க்கும் சேர்த்துப் பயன்படுத்துகிறோம், பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. அதனால் ஒருவர் "எனக்கு மன அழுத்தம்" என்றால் கேட்பவர் "எல்லாருக்கும்தான் இருக்கு, ரெண்டு நாள் ஊட்டி போயிட்டு வா" என்கிறார். மனச்சோர்வு வேறு. டென்ஷனுக்கு ஒரு காரணம் இருக்கும், காரணம் தீர்ந்தால் அதுவும் போகும். மனச்சோர்வில் காரணம் தீர்ந்த பிறகும் மனம் எழுந்திருக்காது, பிடித்த மீன்குழம்பு முன்னால் இருக்கும், கை போகாது. இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய தினமும், மனம் தளர்ந்தோ எதிலும் நாட்டமில்லாமலோ இருந்து, அதோடு தூக்கம், பசி, அசதி, கவனம், குற்றவுணர்வு, சாவு பற்றிய நினைப்பு என்று மொத்தம் குறைந்தது ஐந்து அறிகுறி சேர்ந்து, அன்றாட வேலையும் பாதிக்கப்பட்டால்தான் அந்தப் பெயர். உங்களுக்கு நான்கு மாதம். விடியுமுன்பே விழித்து, காலையில் கனமாகவும் மாலையில் கொஞ்சம் லேசாகவும் இருப்பது இந்த நோய்க்கே உரிய ஒரு சாயல், அதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். நம் பக்கம் பலர் மனசைப் பற்றிப் பேசவே மாட்டார்கள், நெஞ்சு பாரம், தலை கனம், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி என்று வருடக்கணக்கில் ஸ்கேனும் ஈ.சி.ஜி.யும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் அந்தச் சுற்று போகாமல் நான்கே மாதத்தில் கேட்டுவிட்டீர்கள்.

ஏன் வந்தது என்று தேடிக் குடைய வேண்டாம். மூளையில் செரடோனின் குறைந்துவிட்டது, மாத்திரை அதை நிரப்பும் என்ற கதையை நாங்களே வருடக்கணக்கில் சொல்லியிருக்கிறோம், எளிதாக இருந்தது. 2022இல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் செரடோனின் குறைவு என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. அதனால் மாத்திரை வேலை செய்யாது என்று ஆகிவிடாது. 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய அலசல், 522 பரிசோதனைகள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், 21 மருந்துகள், அத்தனையும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேல் என்றே காட்டியது. வித்தியாசம் பிரமாதமில்லை, ஆனால் நிச்சயமாக இருக்கிறது.

சரி, ஆன்லைன். திரை வழியாக மனநல சிகிச்சை கொரோனாவுக்குப் பிறகு முளைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். சென்னையிலிருக்கிற ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் 2010இலேயே புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது, உள்ளே ஒரு திரை, திரையில் சென்னை மருத்துவர், பஸ்ஸிலேயே மருந்து. எனக்கு அதில் பிடித்தது திரையல்ல. உள்ளூர்க் களப்பணியாளர்களும் அந்த ஏற்பாட்டில் இருந்தார்கள், போன தடவை வந்தவர் இந்தத் தடவை வரவில்லையென்றால் ஏன் என்று கேட்க ஓர் ஆள் இருந்தது. இணைய வழி மனப்பயிற்சி பற்றிய ஆய்வுகளும் இதையே வேறு விதமாகச் சொல்கின்றன: பாடங்களை நாமே படித்துக்கொள்ளும் ஆப்களில் பாதியில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம், பலனும் குறைவு. அதே பாடத்தோடு வாரம் ஒரு முறை ஒரு மனிதர் பேசினால், நேரில் பார்ப்பதற்குக் கிட்டத்தட்டச் சமமாக வருகிறது. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், உளவியல் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆறு முதல் எட்டு அமர்வு பேச வைத்தார்கள். கடுமையான மனச்சோர்வுக்கே அது பலன் தந்தது என்று 2017இல் முடிவு வந்தது.

அதனால் நேரிலா ஆன்லைனா என்பதை நான் இரண்டாவது கேள்வியாகத்தான் வைப்பேன். முதல் கேள்வி, இரண்டாவது வாரமும் ஆறாவது வாரமும் நான்காவது மாதமும் உங்களைப் பார்க்கப்போவது அதே ஆளா?

இதை நான் சூடுபட்டுத் தெரிந்துகொண்டேன். என் சொந்தத் தங்கைக்கு, அவள் வேறு மாநிலத்தில் இருந்தபோது, ஒரு ஆப்பில் பதிவு செய்து கொடுத்தேன். முதல் அழைப்பு எட்டு நிமிடம். மருந்து எழுதினார்கள். இரண்டு வாரம் கழித்து வேறொரு மருத்துவர், முதலில் இருந்து கதை சொல்லச் சொன்னார், மருந்தை மாற்றினார். மூன்றாவது தடவை இன்னொருவர், இரண்டையும் சேர்த்துச் சாப்பிடச் சொன்னார். மூன்று பேரும் படித்தவர்கள்தான், யாரும் தப்பானவர்கள் இல்லை, ஆனால் முழுக் கதையும் யார் கையிலும் இல்லை. அவள் "எனக்குத் திருப்பித் திருப்பி அழ முடியல அக்கா" என்று விட்டுவிட்டாள். பிறகு அவள் ஊரிலேயே ஒருவரை நேரில் பார்த்து, அவரையே வீடியோவில் தொடர்ந்தாள். அது சரியாக ஓடியது. முதல் தடவை நேரில், பிறகு ஆன்லைன் என்ற இந்தக் கலவை, நடைமுறையில் எல்லாவற்றையும்விட நன்றாக நடப்பதைப் பார்க்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்: மாமியார் மெடிக்கலுக்கு எதிர்க் கிளினிக் வேண்டாம், திருச்சியிலோ ஈரோட்டிலோ ஒருவரை ஒரே ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள், "அடுத்தது வீடியோவில் வரலாமா டாக்டர்" என்று கேளுங்கள், பலர் சரி என்பார்கள். அதுவும் முடியாதென்றால் முதலிலேயே வீடியோவில் பாருங்கள், தவறில்லை.

சட்டப்படி இது செல்லுமா என்றால், செல்லும். மத்திய அரசு 2020 மார்ச் 25 அன்று தொலைமருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மருத்துவர் தன் பெயரையும் பதிவு எண்ணையும் சொல்ல வேண்டும், மருந்துச் சீட்டில் அந்த எண் இருக்க வேண்டும். சில வகை மருந்துகளை முதல் தடவை வீடியோவில் பார்த்த பிறகே எழுதலாம். போதைமருந்துச் சட்டத்தின் கீழ் வருகிறவற்றைப் பொதுவாக எழுதக் கூடாது, ஆக, தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற, பழக்கமாகிவிடக்கூடிய சில மாத்திரைகளை ஒரு ஆப் கேள்வி கேட்காமல் எழுதித் தந்தால் அந்த ஆப்பை அழித்துவிடுங்கள்.

இன்னொரு குழப்பம், யார் யார் என்பது. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் எம்.ஃபில். போன்ற பயிற்சி முடித்து இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிந்தவர், பேச்சு சிகிச்சை தருவார், மருந்து எழுத மாட்டார். "கவுன்சலர்" என்ற பலகையை மூன்று நாள் கோர்ஸ் முடித்தவரும் மாட்டிக்கொள்கிறார், நல்லவர்கள் இருக்கிறார்கள், பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் மனசைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லை. 16 என்ற அளவுக்கு, முதலில் மனநல மருத்துவரைப் பார்ப்பது என் கருத்து.

முதல் அழைப்புக்கு முன்னால் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அழுகை வந்தால் பாதி மறந்துவிடும். எப்போது ஆரம்பித்தது, தூக்கம், சாப்பாடு, எடை, மாதவிலக்கு, வேறு என்ன மாத்திரை, கர்ப்பத்துக்கு வாய்ப்பு உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, பிரசவத்துக்குப் பிறகு உங்களுக்கு இப்படி ஏதாவது வந்ததா. முக்கியமாக ஒன்று, பத்து நிமிட ஆன்லைன் சந்திப்புகளில் தவறிப்போவது: எப்போதாவது இதற்கு நேர்மாறாக, நாலைந்து நாள் தூக்கமே தேவைப்படாமல், பேச்சு ஓடி, பணம் தாறுமாறாகச் செலவழித்து, உலகையே புரட்டிவிடலாம் என்று இருந்ததுண்டா? இருந்தால் அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம், அதற்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் ஆளை எதிர்ப்பக்கம் தூக்கிவிடும் ஆபத்து உண்டு. மருத்துவர் கேட்கவில்லையென்றால் நீங்களே சொல்லுங்கள்.

கூட்டுக் குடும்பத்தில் பேச இடம் எங்கே என்றால், அதற்கும் வழி இருக்கிறது. மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற நேரம், ஆபீஸ் மதிய இடைவேளையில் நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் பக்கம், என்னிடம் பேசிய ஒருவர் எப்போதும் கோயில் வெளிப்பிராகாரத்திலிருந்துதான் பேசுவார். இயர்போன் போட்டால் நீங்கள் சொல்வது மட்டும்தான் வெளியே கேட்கும், "ஆமாம், இல்லை" என்று பதில் சொல்கிற மாதிரி கேள்வி கேட்கச் சொல்லி மருத்துவரிடமே கேட்கலாம். விஷயம் வெளியே போய்விடும் என்ற பயத்துக்கு, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவு, உங்கள் நோய் விவரத்தை ரகசியமாக வைப்பது உங்கள் உரிமை என்கிறது. மருத்துவர் மாமியாருக்குச் சொல்ல முடியாது. ஆப் கம்பெனி வேறு கதை. அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்ற பெரிய ஆன்லைன் மனநல ஆலோசனை நிறுவனம், வாடிக்கையாளர்களின் மின்னஞ்சலையும் அவர்கள் நிரப்பிய மனநலக் கேள்விகளின் விவரத்தையும் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023இல் நடவடிக்கை எடுத்து, 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. நீங்கள் டெஸ்ட் எடுத்த அந்த ஆப்பில் ஆபீஸ் மெயிலைக் கொடுத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் ராத்திரி இரண்டு மணிக்குப் புலம்புவது பற்றியும் இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். புலம்பலாம். ஆனால் நீங்கள் சொல்வதற்கு அது பெரும்பாலும் தலையாட்டும், மனச்சோர்வில் நாம் சொல்வதில் பாதி, நோய் சொல்வது.

இனி மாத்திரை. பொதுவாக எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுவாக்ஸெடின், இவற்றில் ஒன்றில் ஆரம்பிப்பார்கள். விலையும் அதிகமில்லை, அரசு மருத்துவமனையில் இலவசம். முதல் வாரம் வயிற்றைப் புரட்டலாம், படபடப்பு கொஞ்சம் கூடலாம், நோய் அப்படியே இருக்கும். அதாவது பக்கவிளைவு முன்னால் வரும், பலன் பின்னால் வரும். பலர் இந்த இடைவெளியில்தான் மாத்திரையைத் தூக்கிப் போடுகிறார்கள். தூக்கம் முதலில் திரும்பும், மனசு கடைசியில். இரண்டு வாரத்தில் ஏதோ ஓர் அசைவு தெரிய வேண்டும், நான்கு முதல் ஆறு வாரத்தில் ஒரு முடிவுக்கு வரலாம். முதல் மருந்திலேயே முழுக்க குணமாகிறவர்கள் சுமார் மூன்றில் ஒருவர், மற்றவர்களுக்கு அளவைக் கூட்டவோ மருந்தை மாற்றவோ வேண்டியிருக்கும், அது தோல்வியில்லை. தாம்பத்திய ஆசை குறையலாம், அதைச் சொல்ல வெட்கப்பட்டு மருந்தையே நிறுத்துகிறவர்கள் உண்டு, திரையில் சொல்வது சிலருக்கு நேரில் சொல்வதைவிட எளிது. 25 வயதுக்குக் கீழே இருக்கிற யாராவது இதைப் படித்தால், முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை உங்கள் வயதினருக்கு உண்டு, வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஆயுசுக்கும் விட முடியாதா? விடலாம். குடிக்கிறவருக்குக் குடி மேல் வருகிற மாதிரி இதன் மேல் வேட்கை வராது, அளவைக் கூட்டிக்கொண்டே போகத் தோன்றாது. ஆனால் உடம்பு பழகியிருக்கும், திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் சுரீர் என்று ஷாக் அடிக்கிற மாதிரி வரும். அதனால் படிப்படியாகக் குறைக்க வேண்டும், சிலருக்கு அதற்கே மாதங்கள் ஆகும். முதல் தடவை வந்தவர்கள், முழுக்கச் சரியான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர வேண்டும். இங்கேதான் நான் சொன்ன நான்காவது மாதம் வருகிறது. என்னிடம் வந்த ஒரு லாரி ஓட்டுநர் நன்றாகிவிட்டார், பாட்டுப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிறேன் என்றார், அடுத்த மாதம் காணோம். போன் போட்டால், "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை." எட்டு வாரத்தில் திரும்ப வந்தார், முன்பைவிட மோசமாக. அந்தப் போன் போட ஓர் ஆள் இருந்ததால் அவர் திரும்பவாவது வந்தார். ஆப்பில் அந்த இடத்தில் "உங்களை மிஸ் செய்கிறோம், 20 சதவீதம் தள்ளுபடி" என்று ஒரு நோட்டிஃபிகேஷன் வரும்.

மாத்திரையோடு பேச்சு சிகிச்சையும் சேர்ந்தால் இன்னும் நல்லது, ஆள் கிடைக்கும் வரை நீங்களே ஆரம்பிக்கக்கூடியது ஒன்று உண்டு. கோவாவில் செய்ததும் அடிப்படையில் அதுதான். மனசு வந்தால் செய்வேன் என்று காத்திருக்காமல், சின்னதாக ஒன்றை நேரம் குறித்துச் செய்வது. பையனோடு தெருமுனை வரை நடை, காலை 6.30க்கு. பிடித்திருக்க வேண்டியதில்லை, செய்து முடித்துப் பத்துக்கு எவ்வளவு லேசாக இருந்தது என்று மட்டும் குறியுங்கள். முதல் வாரம் ஒன்று, இரண்டு என்றுதான் வரும்.

காசு கொடுக்காமல் ஆரம்பிக்க வேண்டுமென்றால் மறுபடி 14416. டெலி மானஸ் என்று 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய அரசுச் சேவை, பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை தலைமை மையம், தமிழில் பேசுவார்கள், 24 மணி நேரமும். முதலில் ஓர் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல நிபுணருக்கு மாற்றுவார், இல்லையென்றால் உங்கள் மாவட்ட மருத்துவமனைக்கு வழி சொல்வார். 2024இல் வீடியோ வசதி கொண்டுவந்தபோது முதலில் தொடங்கிய இடங்களில் தமிழ்நாடும் உண்டு. குறை என்னவென்றால், ஒவ்வொரு அழைப்பிலும் அதே ஆள் கிடைப்பார் என்று சொல்ல முடியாது. அதனால் அதைக் கதவைத் திறக்கப் பயன்படுத்துங்கள், பிறகு மாவட்ட மனநலத் திட்டத்தின் புறநோயாளிப் பிரிவில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். இலங்கையிலிருந்து படிக்கிறவர்களுக்கு தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.

எண்ணம், திட்டம் என்று மேலே சொன்னதைத் தவிர, காதில் குரல் கேட்பது, சாப்பாடு தண்ணீரே இறங்காதது, கைக்குழந்தை வைத்திருக்கிற தாய்க்குக் குழந்தை பற்றி விபரீத எண்ணம் வருவது, குடியை நிறுத்தியதும் கை நடுங்குவது, இவற்றுக்கெல்லாம் ஆன்லைன் போதாது, நேரில்தான். அடிக்கிற வீட்டில் இருந்துகொண்டு அந்த வீட்டிலிருந்தே பேசுவதும் சரிவராது, அதற்குப் பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது.

கடைசியாக, உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அவரிடம் சொல்லியாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது உங்களுக்குத் தெரியும். ஆனால் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கலாம், யாராவது ஒருவருக்கு, தங்கையோ ஆபீஸ் தோழியோ, எந்த மாத்திரை, எந்த மருத்துவர், அடுத்த தேதி எது என்ற மூன்று விவரம் தெரிந்திருக்கட்டும். ஒன்பதாவது கேள்விக்கு என்ன போட்டீர்கள் என்பதையும் எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.